வுடு, நான் போறன்

அவளுக்குப் பாம்பு அடிக்கத் தெரியும். கருவாட்டுக் குழம்பு வைக்கத் தெரியும். கதை சொல்ல ஆரம்பித்தால் வாயில் வைத்த சோற்றை விழுங்க மறந்து கேட்டுக்கொண்டிருப்போம். தனக்கென்று ஒன்றைக் கேட்டு வாங்க மட்டும் அவளுக்குத் தெரியாது. எங்கள் கூட்டத்தில் யாருக்காவது ஒரு காரியம் கசந்தால், அவர்கள் முகம் சுளிப்பதற்குள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்துவிடுவாள். "வுடு, நான் போறன்" என்பாள். அவள் வாயிலிருந்து நான் அதிகம் கேட்டது இதைத்தான்.

நெய்வேலி டவுன்ஷிப்பில் தெருக் கூட்டுகிற காண்ட்ராக்ட் வேலை எங்களுக்கு. 'தானே' புயல் அடித்து மரமெல்லாம் வேரோடு சாய்ந்து கிடந்தபோது கிளை பொறுக்க ஆள் எடுத்தார்கள். அப்படி வந்தவர்களில் கொஞ்சம் பேர் அப்படியே ஒட்டிக்கொண்டோம். நான் மந்தாரக்குப்பத்தில் வாடகை வீட்டில் இருந்தேன். அவள் கம்மாபுரம் பக்கத்துக் கிராமம். புருஷன் இல்லை. ஒரே மகன், திருவதிகையில் பெண் எடுத்து அங்கேயே தங்கிவிட்டான். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவள். நான் அக்கா என்பேன், அவள் என்னை "ஏண்டி" என்பாள்.

நான் ப்ளஸ் டூ படித்தவள். அந்தப் படிப்பு துடைப்பம் பிடிக்க உதவவில்லை. முதல் வாரமே உள்ளங்கை இரண்டும் கொப்பளித்துவிட்டது. அவள் பார்த்தாள். தன் துடைப்பத்தின் கழியில் சைக்கிள் ட்யூபைக் கிழித்து மெத்தென்று சுற்றி வைத்திருந்தாள். அதை என் கையில் திணித்துவிட்டு என் மொட்டைக் கழியை வாங்கிக்கொண்டாள். "இது உங்களுதுக்கா" என்றேன். "தொடப்பத்துல என்னாடி உன்னுது என்னுது, கூட்டு" என்றாள். மறுநாள் வேறு ட்யூப் சுற்றிக்கொள்வாள் என்று நினைத்தேன். அந்த மொட்டைக் கழியோடுதான் வெகுநாள் கூட்டினாள்.

எங்கள் கூட்டத்தில் செல்வி என்று ஒருத்தி. வாயைத் திறந்தால் ஊரே ஒதுங்கும், ஆனால் வாத்தியார் என்றால் மட்டும் கை கால் உதறும். ஒருநாள் அவள் மகளின் பள்ளிக்கூடத்தில் அம்மாவை வரச் சொல்லிவிட்டார்கள். செல்வி அழாத குறை. "வுடு, நான் போறன்" என்று இவள் பெரியம்மாவாகிக் கிளம்பினாள். அரை மணி கழித்து வந்து, "நல்லா வாங்கிக் கட்டிகினு வந்தன். கணக்குல பெயிலாம். என்னா வளத்தீங்கன்னு கேட்டாங்க, நான் அப்படியே தலைய தொங்கப் போட்டுகினு நின்னன்" என்று சொன்னாள். சொல்லும்போது நிஜமாகவே அந்தப் பிள்ளையைப் பெற்றவள் மாதிரி முகம் வாடியிருந்தது. நாங்கள் சிரித்துச் சிரித்து வயிறு வலித்துப்போனோம்.

திங்கட்கிழமை காலையில் தண்ணித் தொட்டிக்குப் பக்கத்தில் எங்களுக்கு ஒரு சடங்கு உண்டு. ஒரு துண்டை விரித்து, ஆளுக்கொரு பொருளைப் போடுவோம். கொண்டை ஊசி, வீட்டுச் சாவி, மோதிரம், ஒற்றைக் கம்மல் என்று கையில் எது அகப்படுகிறதோ அது. துண்டை மூட்டையாக்கிக் குலுக்கிவிட்டு, ஒருத்தி கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாக எடுப்பாள். முதலில் யார் பொருள் வருகிறதோ அவள் பிடித்த தெருவை எடுத்துக்கொள்ளலாம். புயலுக்குப் பிறகு பாதித் தெருக்களில் நிழலே இல்லை. அதனால் மரம் தப்பித்த தெருவுக்குத்தான் அடிதடி. அங்கே இலை அதிகம்தான், ஆனாலும் தலை காயாது. கடைசியாக வருகிறவளுக்கு மார்க்கெட் பின்பக்கம். மீன் செதிளும் கோழிக் குடலும் சாக்கடையும் சேர்ந்த இடம் அது. அங்கே ஒரு வாரம் இருந்தால் வீட்டில் பிள்ளைகள்கூடக் கிட்டே வராது. அந்தத் துண்டுக்கு முன்னால் எல்லோரும் ஒன்று. யாரும் யாரையும் குறை சொல்ல முடியாது. குலுக்கலை ஆரம்பித்து வைத்தது அக்காதான்.

மதியச் சாப்பாட்டுக்கு அவள் கதைதான் எங்களுக்குத் தொடுகறி. ஏழு கடல் ஏழு மலை தாண்டிப் போகும் ராஜகுமாரன் கதை. அவளாகக் கட்டிச் சொல்வது, நாளுக்கொரு மலை முளைக்கும், நாளுக்கொரு ராட்சசன் சாவான். ராஜகுமாரன் கையில் ஒரு கோல். அதை யார்மேல் நீட்டுகிறானோ அவன் சொன்ன பேச்சைக் கேட்டாக வேண்டும். எங்களுக்கெல்லாம் ராஜகுமாரன்மேல் ஆசை. செல்வி, "எனக்கு அவன மாதிரி ஒருத்தன் அம்புட்டிருந்தா நான் ஏன் இங்க வந்து குப்ப அள்றன்" என்பாள். கதை சொல்கிறவளுக்கோ ராஜகுமாரனைவிட மந்திரி மகன்மேல்தான் பிரியம். "அவன் என்னாத்தடி கிழிச்சான்? குதிரையில குந்திகினு போனான். சோறு ஆக்கனது, முள்ளு எடுத்தது, ராத்திரி முழிச்சிகினு காவல் காத்தது எல்லாம் மந்திரி மவன். அவன் இல்லன்னா இவன் மொத மலையிலயே செத்திருப்பான்" என்பாள்.

பழைய மேஸ்திரி ஊருக்குப் போய்விட்டார். காண்ட்ராக்டரின் ஆள் ஒருவர் பைக்கில் வந்து, உங்களில் ஒருத்தியை மேஸ்திரியாகப் போடப்போகிறேன், யார் என்று கேட்டார். எல்லோரும் அவளைத்தான் காட்டினார்கள். அவள் என்னை முன்னால் தள்ளினாள். "இவ செய்யட்டுங்க. படிச்சவ. நாலு பேரு கிட்ட பேசத் தெரியும். நான் கூட இருந்து பாத்துக்கறன்." எனக்கு வேண்டாம் என்று இழுத்தேன். மனசுக்குள் வேண்டும் வேண்டும் என்று அடித்துக்கொண்டது. மேஸ்திரி போடுகிற ஆரஞ்சுக் கோட்டை அவளே எனக்கு மாட்டிவிட்டாள். கழுத்தில் விசிலைத் தொங்கவிட்டு, திருஷ்டி கழிப்பதுபோல் கையை மடக்கி நெட்டி முறித்தாள்.

அன்றிலிருந்து மற்றவர்கள் முன்னால் அவள் என்னை "ஏண்டி" என்றதில்லை. "மேஸ்திரிங்க, தண்ணி வண்டி வந்துடுச்சிங்க" என்பாள். எனக்குக் கூச்சமாக இருந்தது. "என்னக்கா, என்னைப் போய்" என்றேன். "நானே உன்ன வாடி போடின்னா இவளுங்க உன்ன எங்க மதிப்பாளுங்க?" என்றாள். இரண்டு பேர் மட்டும் இருக்கும்போது பழையபடி ஏண்டிதான்.

ஒருத்தி லீவு போட்ட நாளில் அவள் தெருவுக்கு வேறு ஆள் அனுப்ப நான் மறந்துவிட்டேன். அங்கே குடியிருந்த அம்மாள் புகார் சொல்லி, சூப்பர்வைசர் வண்டியில் வந்து இறங்கினார். நான் விசிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அக்கா பக்கெட்டைக் கீழே வைத்துவிட்டு முன்னால் வந்தாள். "மேஸ்திரி சொன்னாங்க சார். நான்தான் மறந்துட்டன்." அவர் திட்டிய திட்டையெல்லாம் நின்று வாங்கிக்கொண்டாள். அவர் போனதும் என்னைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அந்த அழுகை பொய்யில்லை. ஆனால் அடுத்த முறை அப்படி ஒன்று நடந்தபோது எனக்கு அழுகை வரவில்லை. அதற்கடுத்த முறை அவள் முன்னால் வருவதற்காக நானே காத்திருந்தேன்.

சும்மா சொல்லக்கூடாது, முதல் மாதம் ஒழுங்காகத்தான் இருந்தேன். விசில் என்பது சின்ன பிளாஸ்டிக் சாமான், கடையில் கேட்டால் சில்லறைக்குக் கொடுப்பான். ஊதினால் தெருக்கோடியில் குனிந்திருக்கிறவர்கள் எல்லாம் நிமிர்ந்து என்னைப் பார்ப்பார்கள். அந்தப் பார்வைக்கு நான் பழகிக்கொண்டேன். காரணமில்லாமலும் ஊத ஆரம்பித்தேன். வீட்டில் ஞாயிற்றுக்கிழமை கழுத்து வெறுமையாக இருந்தால் எதையோ தொலைத்துவிட்டது மாதிரி இருந்தது.

ஒருநாள் காலையில் நான் ஊத, செல்வி இரண்டு காதிலும் விரலை விட்டுக்கொண்டு, "மாட்ட ஓட்டறா மாதிரி ஊதறாளே" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். நானும் கூடச் சிரித்தேன். ராத்திரி தூக்கம் வரவில்லை. திங்கட்கிழமை அக்கா துண்டை விரித்தபோது, "இனிமே குலுக்கல் வேணாம். யாரு எங்கன்னு நானே சொல்றேன்" என்றேன். செல்விக்கு மார்க்கெட் பின்பக்கம் என்றேன். அடுத்த திங்கட்கிழமையும் அதையே சொன்னேன்.

அவள் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டாள். அதற்காக என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இரண்டாவது வாரம் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "மேஸ்திரிங்க, செல்விக்கு ஒடம்பு முடியல. அவ பதிலுக்கு நான் போறங்க" என்றாள். செல்வி கல்லுக்குண்டு மாதிரி நின்றுகொண்டிருந்தாள். இருந்தாலும் என்னால் இல்லையென்று சொல்ல முடியவில்லை. என் பேச்சும் கீழே விழவில்லை, செல்வியும் தப்பித்தாள். இன்னொருத்தி தாமதமாக வந்தாள், அவளை அங்கே அனுப்பினேன். "வுடு, நான் போறன்" என்று இவள் கூடையை வாங்கிக்கொண்டு நடந்தாள். இன்னொருத்தி எதிர்த்துப் பேசினாள், அதற்கும் இவள்தான் போனாள். நான் யாரை அடித்தாலும் அடி ஒரே முதுகில் விழுந்தது. அது எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தபிறகும் நான் நிறுத்தவில்லை என்பதுதான் விஷயம். சாக்கடைத் தண்ணீரில் நின்று நின்று அவள் கால்விரல் இடுக்கெல்லாம் புண். மஞ்சள் அரைத்துப் பூசிக்கொண்டு வருவாள். மஞ்சள் கால்களைப் பார்த்து, "என்னக்கா, புதுப்பொண்ணு மாதிரி" என்று கேலி பேசினேன். அவளும் சிரித்தாள்.

ஒரே ஒரு முறைதான் என்னிடம் அதைப் பற்றிப் பேசினாள். குழாயடியில் இருவரும் கை கழுவிக்கொண்டிருந்தோம்.

"ஏண்டி, செல்வி ஒரு வார்த்த கிண்டல் பண்ணா உனக்கு என்னா கொறஞ்சிபோச்சி?"

"மரியாதை வேணாமாக்கா?"

"மரியாதைன்னா வேற. இவளுங்க உன்னப் பாத்து பயந்துகினு கெடக்கறாளுங்க. எனக்குப் புடிக்கல."

"அப்ப நீங்களே மேஸ்திரியா இருந்திருக்கலாமே" என்றேன்.

அவள் முகத்தைப் பார்க்கவில்லை நான். குழாயை மூடிவிட்டு வந்துவிட்டேன். அதன்பிறகு அவளிடம் தனியாக அகப்படாமல் பார்த்துக்கொண்டேன். கூட்டத்தில் இருந்தால் அவளுக்கு நான் மேஸ்திரி. தனியாக இருந்தால்தானே ஏண்டி. வீட்டுக்குப் போகும்போது பஸ் ஸ்டாப் வரைக்கும் சேர்ந்து நடப்பது எங்கள் வழக்கம். வேலை இருக்கிறது, நீங்கள் போங்கள் என்பேன். ரோட்டோரம் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போவாள்.

கதை மட்டும் நின்றபாடில்லை. ஒருநாள் மதியம், மலை உச்சியில் ராஜகுமாரனுக்குக் கோபம் வந்து மந்திரி மகன்மேலேயே கோலை நீட்டிவிட்டான் என்றாள்.

"அய்யய்யோ, அப்பறம்?" என்றாள் செல்வி.

"அப்பறம் என்னா? நில்லுன்னா நின்னான். போன்னா போனான்."

"அவன் கோல புடுங்கிப் போட வேண்டியதுதான?"

"புடுங்கனா அப்பறம் இவன் கையில இருக்கும். இவன் மட்டும் என்னா, ஒசத்தியா?"

எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. பார்த்தார்களோ இல்லையோ. எழுந்து விசிலை ஊதினேன். "தெனம் கதை பேசிக்கிட்டு நேரத்த ஓட்டறீங்க. இனிமே கதை கிதை எதுவும் வேணாம்." பாதிச் சோற்றில் இருந்தார்கள் எல்லோரும். அவள்தான் முதலில் டப்பாவை மூடினாள். "மேஸ்திரி சொல்றாங்கல்ல, எழுந்திரிங்கடி" என்றாள். அன்று அவள் எதிர்த்து ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நான் திருந்தியிருப்பேனோ என்னவோ. பாருங்கள், இப்போதும் குற்றத்தை அவள் தலையில் கொண்டுபோய் வைக்கத்தான் பார்க்கிறேன்.

வெயில் காலம் முடிகிற சமயம் காண்ட்ராக்டரின் ஆள் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். ஆள் அதிகம், ஒருத்தியை நிறுத்தச் சொல்கிறார்கள், யார் என்று நாளைக்குச் சொல் என்றார். அதை அவர் முடிவு பண்ணாமல் என்னைக் கேட்டதில் எனக்குப் பெருமையாக இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், பயத்துக்கு முன்னால் பெருமைதான் வந்தது. செய்தி எப்படியோ கசிந்துவிட்டது. செல்விதான் என்று எல்லோரும் முடிவு பண்ணிவிட்டார்கள். நானும்தான். அன்று முழுக்கச் செல்வி வாயே திறக்கவில்லை. அவள் புருஷனுக்கு அப்போது வேலை கிடையாது, பிள்ளைகள் இரண்டும் படித்துக்கொண்டிருந்தன.

மறுநாள் காலை நான் வீட்டைவிட்டுக் கிளம்பும்போது வாசலில் அக்கா நின்றுகொண்டிருந்தாள். தப்பிக்க வழியில்லை.

"ஏண்டி, யாரையும் சொல்லாத. நாம அத்தன பேரும் போயி அவுரு முன்னாடி நிப்பம். ஆளுக்கு ரெண்டு நாளு வேல கொறச்சிக்கறம், யாரையும் அனுப்பாதீங்கன்னு கேப்பம். நீ முன்ன நின்னு பேசு. நான் ஒம் பின்னால நிக்கறன்."

நல்ல யோசனை. நடந்திருக்கவும் கூடும். ஆனால் நான் முன்னால் போய் நின்றால் விசில் யார் கழுத்துக்குப் போகும் என்றுதான் என் புத்தி கணக்குப் போட்டது. "அதெல்லாம் ஒத்துக்க மாட்டாருக்கா" என்றேன்.

"கேட்டாதான தெரியும்?"

"வேணாங்கா. வம்பு."

அவள் என்னை வெகுநேரம் பார்த்தாள். கோபம் இல்லை. காய்ச்சல்காரப் பிள்ளையைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

"அப்ப என் பேர சொல்லு."

"அக்கா!"

"செல்வி பேர சொன்னா இவளுங்க சாவற வரைக்கும் உன்ன மன்னிக்க மாட்டாளுங்க. நீ தெனம் இவளுங்க மூஞ்சிலதான முழிக்கணும். நானா வேணாம்னு போய்ட்டன்னு சொல்லிக்கறன். எனக்கு என்னா, மவன் வூட்டுக்குப் போறன்."

மகன் வீட்டுக்குப் போக அவளுக்கு இஷ்டமில்லை என்பது எனக்கு நன்றாகத் தெரியும். மருமகளோடு ஒத்துப்போகாமல்தான் ஊரிலேயே தனியாகப் பொங்கித் தின்றுகொண்டிருந்தாள். இந்த வேலைதான் அவளுக்குச் சோறு, இந்தக் கூட்டம்தான் அவளுக்கு வீடு. எல்லாம் தெரியும். வேண்டாம் என்று ஒரு தடவை சொன்னேன். இரண்டாம் தடவை சொல்லவில்லை. காண்ட்ராக்டரின் ஆள் வந்ததும் அவள் பேரைச் சொன்னேன். சொல்லி முடித்ததும் அப்பாடா என்று இருந்தது. செல்வி தப்பித்தாள் என்பதற்காக இல்லை. டவுன்ஷிப்பில் என்னை ஏண்டி என்று கூப்பிட இனி ஆள் இல்லை என்பதற்காக.

அவள் சொன்னபடியே நடந்தது. யாரும் என்னைத் திட்டவில்லை. அவள் போகும்போது ஒவ்வொருத்தியிடமும், மகன் கூப்பிடுகிறான், பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். செல்விகூட என்னிடம் நல்லவிதமாகப் பேச ஆரம்பித்தாள். அடுத்த வருஷம் காண்ட்ராக்ட் வேறு ஆளுக்குப் போனது. அவர் தன் ஊரிலிருந்து மேஸ்திரியைக் கூட்டி வந்தார். கோட்டையும் விசிலையும் கழற்றிக் கொடுத்துவிட்டுத் துடைப்பத்தை எடுத்தேன். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. கொஞ்ச நாளில் வேலையை விட்டுவிட்டு மந்தாரக்குப்பத்தில் ஒரு தையல் கடையில் சேர்ந்தேன்.

திருவதிகைக்குப் போக மந்தாரக்குப்பத்திலிருந்து எவ்வளவு நேரமாகிவிடும்? இருந்தும் நான் போகவில்லை. இன்றைக்குப் போகலாம், பொங்கலுக்குப் போகலாம் என்று வருஷங்கள் ஓடின. கடைசியில் ஒரு சொந்தக்காரக் கல்யாணம் அங்கே கோயிலில் நடந்தபோது போனேன். தாலி கட்டி முடிந்ததும் விசாரித்துக்கொண்டே நடந்தேன். முந்திரி உடைக்கிற கொட்டகையில் இருப்பாள் என்றார்கள்.

பெண்கள் வரிசையாகத் தரையில் உட்கார்ந்து உடைத்துக்கொண்டிருந்தார்கள். அவளும் இருந்தாள். முந்திரித் தோலின் எண்ணெய் பட்டு விரலெல்லாம் கறுத்து வெடித்திருந்தது. என்னைக் கண்டதும் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு எழுந்தாள். கட்டிக்கொள்ள வந்தவள், என் பட்டுச்சேலையைப் பார்த்துத் தன் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். "ஏண்டி, வர்றதுக்கு இப்பதான் வழி தெரிஞ்சிதா?" என்றாள், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. பிறகு திரும்பி எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள்.

"எங்க மேஸ்திரிங்கடி இவங்க. நெய்வேலியில இவங்ககிட்டதான் வேல செஞ்சன். தங்கமானவங்க. இவங்க இருந்த வரைக்கும் ஒருத்தியக்கூட வேலைய வுட்டு நிறுத்துனதில்ல."

அந்தப் பெண்கள் என்னை மரியாதையாகப் பார்த்தார்கள். ஒருத்தி எழுந்து உட்கார நாற்காலி கொண்டுவந்து போட்டாள்.

"அவ்வளவு நல்ல எடம்னா நீ ஏன் பெரிம்மா வுட்டுட்டு வந்த?" என்று கேட்டாள் இன்னொருத்தி.

"எனக்குத்தான் அலுத்துப்போச்சி. நானா வந்துட்டன்" என்றாள் அவள்.

நான்தான் அனுப்பினேன் என்று சொல்லிவிடலாம். இரண்டே வார்த்தை. எல்லோரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"நான் எவ்வளவோ சொல்லிப் பாத்தேன்" என்றேன். "இவங்கதான் கேக்கல."

"ஆமா, ஆமா" என்று அவள் தலையாட்டினாள்.